மூன்றாவது சுற்று

ஞாயிற்றுக்கிழமை வண்டி வேணும் என்று
கம்பெனியிலிருந்து போன்.
பின்சீட்டில் தரம் பார்க்கிற மேடம்,
ஷூவின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி
வாரத்தில் ஆறு நாளைக் கழிப்பவர்.
பெயர் பே என்றார்.
நான் சிரிக்கவில்லை.
கண்ணாடியில் என்னைப் பார்த்து அவரே சிரித்தார்:
"தெரியும். லைன்ல பொண்ணுங்க சொல்லிட்டாங்க."

டோல்கேட் தாண்டியதும் என் பங்குக்கு நானும் கேட்டேன்,
உங்க ஊர்லயும் அம்மா அப்பாதானாமே?
ஆமாம் என்று விரல் மடக்கினார்.
அந்த வருஷம் அதைக் கேட்ட பதினோராவது ஆள் நான்.
குந்தாரப்பள்ளி வரைக்கும் பிறகு பேச்சில்லை.

அணைக்குப் போகலாம், மீன் வறுவல் நல்லாயிருக்கும் என்றேன்.
கல் பார்க்கணும் என்றார், போனில் படம் காட்டி.
பதின்மூன்று வருஷம் இதே ரோட்டில் ஓட்டுகிறேன்,
சாமல்பள்ளத்தில் டீ குடித்திருக்கிறேன்,
பஞ்சர் ஒட்டியிருக்கிறேன்,
மல்லச்சந்திரத்துக்கு வண்டியைத் திருப்பியதில்லை.

குன்றின் மேல் வெயில்.
நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடி,
பக்கத்தில் தலை நுழையும் அளவு வட்ட ஓட்டை.
குள்ளருங்க வீடு என்றான் ஆடு மேய்த்த பையன்.
மேடம் போட்டோ எடுக்கவில்லை.
காய்ச்சல் பார்ப்பதுபோல் கல்லில் புறங்கையை வைத்தார்.

"எங்க ஊர் கோச்சாங்.
அங்க இது நூத்துக்கணக்குல.
நாங்க மேல மிளகாய் காயவைப்போம்.
பெரியப்பா குடிச்சிட்டு அதுலதான் தூங்குவாரு.
செத்தவங்க கல்லுன்னு அப்புறம்தான் போர்டு வச்சாங்க."

திருவிழாவைப் பற்றிக் கேட்டார்.
எருது விடுவோம் என்றேன், கையை வீசிக் காட்டினேன்.
காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளையைச் சொன்னேன்,
சாம்பல், சுண்டல், அருள் வந்து ஆடுகிறவர்கள்.
"பொம்பளைங்க?"
பொங்கல் வைப்பாங்க.
எருது ஓடும்போது மாடியில நின்னு பார்ப்பாங்க.

"எங்க ஊர்ல பொம்பளைங்க கோட்டை மேல நடப்போம்.
தலையில கல்லு.
ஒரு சுத்து நடந்தா கால் வலி போகும்.
ரெண்டு, ஆயுசு.
மூணு, சொர்க்கம்."

எனக்குக் கெம்பம்மாள் ஞாபகம் வந்தாள்.
பர்கூர் பக்கம் குவாரியில் ஒன்பது வருஷம்,
தலையில் சும்மாடு, அதன்மேல் ஜல்லிச் சட்டி.
ஒரு நாளைக்கு எண்பது நடை.
முழங்கால் இரண்டும் இப்போது
மழை வருவதை முன்கூட்டியே சொல்லும்.
எத்தனை லோடுக்கு ஒரு சொர்க்கம் என்று
மேஸ்திரி சொன்னதே இல்லை.

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.
மேடம் கொஞ்ச நேரம் ஓட்டைக்குள் பார்த்தார்.
"நடந்து முடிஞ்சதும் கல்லை எங்க வைப்பாங்க?"
லாரியில.
"நாங்க கோட்டை வாசல்ல போடுவோம்.
சண்டை வந்தா எறியறதுக்கு,
சுவர் இடிஞ்சா கட்டறதுக்கு.
கூலி குடுக்காம கல்லு சேர்க்க
ராஜா கண்டுபிடிச்ச வழின்னு எங்க டீச்சர் சொல்லுவாங்க."
அப்படிச் சொல்லிவிட்டு
கைப்பிடி அளவில் ஒரு கல்லை எடுத்துத்
தலையில் வைத்தார்.
குள்ளர் வீட்டை ஒரு சுற்று வந்தார்.
இரண்டாவது சுற்றில் கல் விழுந்தது.
ஆடு மேய்த்த பையன் கைதட்டினான்.

ராத்திரி பேட்டா இருநூறை அரிசி டப்பாவில் வைத்துவிட்டு
எல்லாவற்றையும் கெம்பம்மாளிடம் சொன்னேன்.
காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:
"சம்பளம் எவ்வளவாம்?"
சொர்க்கமாம்.
"எனக்கு அந்த மொத சுத்து மட்டும் போதும்னு சொல்லு."

விளக்கை அணைத்தேன்.
தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
"அவ்ளோ பெரிய மூடிக்கல்லு,
குன்னு மேல.
அதை யார் தூக்கினதாம்?
போர்டுல போட்டிருந்துச்சா?"